பியூகிள் வரிசையும் என் வலது கையும்

1

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். மற்றதெல்லாம் அதற்கு விளக்கம்.

நான் குடியிருக்கும் கிளென் வேவர்லி, மெல்போர்னில் தண்டவாளம் முடிந்துபோகிற இடம். அங்கே ஏறினால் ஜன்னல் ஓரம் நிச்சயம். சில ஸ்டேஷன் தள்ளி ட்ரெவர் ஏறுவான். இருவருக்கும் ஒரே பம்பு தொழிற்சாலையில் வேலை. நான் மாடியில் உட்கார்ந்து பம்புகளுக்குப் படம் வரைகிறேன். அவன் கீழே இரும்பை உருக்கி அவற்றை வார்க்கிறான். ஆறடிக்கு மேல் உயரம், சிவப்புத் தாடி, முன்கையில் பச்சை குத்திய நங்கூரம். கப்பலில் போயிருக்கிறாயா என்று கேட்டால், தண்ணீர் என்றாலே தலை சுற்றும் என்பான்.

அன்று அவன் உட்காரும்போது அவனுடைய பூட்ஸ் எதிரே இருந்த ஓர் அம்மாளின் பையில் இடித்துவிட்டது. பைக்குள்ளிருந்து நூலகப் புத்தகம் ஒன்று தலை நீட்டிக்கொண்டிருந்தது. ட்ரெவர் குனிந்தான். வலது கை விரல்களால் பையைத் தொட்டான். தொட்ட விரல்களை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டான். பிறகு ஒன்றும் நடக்காதது போலச் செய்தித்தாளைப் பிரித்துக் கால்பந்துப் பக்கத்தில் மூழ்கிவிட்டான்.

அந்த அம்மாள் பையை மடிக்கு எடுத்துக்கொண்டு, மெதுவாக என் பக்கம் சாய்ந்தார்.

“உங்க நண்பருக்கு உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கார்.”

“அப்போ ஏதாவது மதமா?”

“இல்லைங்க, பாண்டு வாத்தியம்” என்றேன்.

அவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டார். அவர் இறங்க வேண்டிய இடம் அதுவாக இருக்காது என்று நினைக்கிறேன்.

2

என் பெயர் முருகேசன் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். இங்கே யாருக்கும் தெரியாது. வந்து இறங்கியதும் ஓர் அலுவலகத்தில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்கள் குடும்பத்துக்குத் தனியாக ஒரு பெயர் வைக்கும் அளவுக்கு யாருக்கும் நேரம் இருந்ததில்லை. கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீசில் அப்பா பண்டல் ஏற்றுகிறார், அம்மா பெட்டி ஒட்டுகிறாள். அப்படியொரு பெயர் இல்லை என்றேன். அதிகாரி மிகவும் அன்பானவர். பெயர் இல்லாத குடும்பத்தை நாட்டுக்குள் விட முடியாது என்று பொறுமையாக எடுத்துச் சொல்லி, அப்பாவின் பெயரை அந்தக் கட்டத்தில் போட்டுவிட்டார். அன்று முதல் நான் மிஸ்டர் மாடசாமி.

இந்த நாட்டில் ஒருவரைப் பிடித்துப்போனால் அவர் பெயரைப் பாதியாக வெட்டிவிடுவார்கள். அது மரியாதை. ட்ரெவர் என்னை முதல் வாரத்திலேயே ‘சாமி’ ஆக்கினான். இப்போது வார்ப்புக் கூடம் முழுக்க, எண்ணெய்க் கையோடு, “சாமி, அந்த ஸ்பேனரை எடு” என்கிறது. இதை அம்மாவுக்கு எழுதவில்லை. பயந்து ஏதாவது பரிகாரம் செய்துவைப்பாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே எல்லோரும் பேசுவது ஆங்கிலம். ஆனால் ட்ரெவரும், இனி வரப்போகும் பில் என்பவரும் பேசினால், என் காதில் அது கோவில்பட்டி லாரி செட்டில் பேசுகிற மாதிரிதான் விழுகிறது. விழுந்தபடியே எழுதுகிறேன்.

ஒரு நாள் மத்தியானம் ட்ரெவர் இரண்டு பென்சில்களால் என் சாப்பாட்டு டப்பாவின் மேல் தட்டிக்கொண்டிருந்தான். சும்மா தட்டவில்லை. ஆலங்கட்டி மழை தகரக் கூரையில் விழுந்து, திடீரென்று ராணுவ ஒழுங்குக்கு வந்தது போல ஒரு தட்டு. நன்றாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் தான் ஒரு டிரம் அண்ட் பியூகிள் கோரில் டிரம் அடிப்பதாகச் சொன்னான். அதாவது டிரம்மும் பியூகிளும் மட்டும் உள்ள அணிவகுப்புப் படை. நான் பள்ளிக்கூடத்தில் பியூகிள் ஊதியவன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

“பியூகிளா? உண்மையாவாலே?”

“ஆமா. கொடியேத்துறப்போ நான்தான் ஊதுவேன்.”

“ஞாயித்துக்கிழமை என்ன செய்யுற?”

“துணி தொவைப்பேன்.”

“அழுக்குச் சட்டையோட வா” என்றான்.

3

பில், ஒரு கசாப்புக் கடைக்காரர். நியூ கினியில் சண்டை போட்டுவிட்டுத் திரும்பி வந்தவர். போரிலிருந்து வந்த சிப்பாய்களுக்கு இங்கே ஊருக்கு ஊர் ஒரு கிளப் உண்டு. பியர் குடிக்க ஒரு பக்கம், பழைய நண்பர்களை நினைக்க ஒரு பக்கம். அந்தக் கிளப்பின் பின்புறத் திடலில்தான் பில்லின் படை பழகுகிறது. புதிதாக வருகிறவனுக்குப் பில் முதலில் பியூகிளைக் கொடுக்கமாட்டார். வரலாற்றைக் கொடுப்பார்.

பில் சொன்ன வரலாறு இது. போர்க்களத்தில் கத்தினால் கேட்காது. அதனால் எழுந்திரு, சாப்பிடு, முன்னால் போ, பின்னால் வா என்று எல்லாவற்றையும் பியூகிளும் டிரம்மும் சொல்லின. பிறகு கம்பியில்லாத் தந்தி வந்தது; பியூகிளுக்கு வேலை போயிற்று. போர் முடிந்து அமெரிக்கச் சிப்பாய்கள் வீட்டுக்கு வந்தார்கள். வேலை இல்லாத பியூகிள்களும் அடிமாட்டு விலைக்கு வந்தன. சிப்பாய்களின் கிளப்புகள் அவற்றை வாங்கி, தெருவில் திரிந்த பிள்ளைகளின் கையில் கொடுத்து, வரிசையில் நிறுத்தின. ஓர் ஊர் வரிசையில் நின்றால் பக்கத்து ஊர் சும்மா இருக்குமா? போட்டி வந்தது. போட்டி வந்ததும் சட்டம் வந்தது.

“என்ன சட்டம் சார்?”

“கிளாரினெட்டு, புல்லாங்குழலு, ஒண்ணும் உள்ள வரக்கூடாது. பித்தளை பியூகிளு, டிரம்மு, கொடி. அவ்வளவுதான். பியூகிள்ல ஒத்தை வால்வு வச்சுக்கலாம்னு விடுறதுக்கே அங்க வருசக்கணக்கா சண்டை போட்டிருக்கானுவ.”

வால்வு என்பது விரலால் அழுத்துகிற ஒரு பொத்தான். எங்கள் பள்ளிக்கூட பியூகிளில் அது கிடையாது. வெறும் உதட்டாலும் மூச்சாலும் கிடைத்த நாலைந்து சுரங்களை வைத்துக்கொண்டு காலம் தள்ளினோம். இங்கே பொத்தானை அமுக்கினால் இன்னும் நாலைந்து வந்து விழுகின்றன. எனக்கு ஏதோ காப்பி அடிப்பது போலக் கூச்சமாக இருந்தது.

ஆஸ்திரேலியாவில் இந்தக் கலை இன்னும் பால் பல் விழாத குழந்தை. இங்கே பிரிட்டிஷ் பாணி பித்தளை பாண்டுகள் இருக்கின்றன. ஸ்காட்லாந்து பைக்குழல் கோஷ்டிகள் இருக்கின்றன. வெள்ளை பூட்ஸ் போட்டு அணிநடை போடும் பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மூன்று கட்சியும் எங்களைப் பார்த்து ஒரே மாதிரி சிரிக்கும். பில்லுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அமெரிக்கப் போட்டிகளின் இசைத்தட்டுகளைத் தபாலில் வரவழைத்து, கடையில் ஆட்டுத்தொடை வெட்டிக்கொண்டே கேட்பார். வாடிக்கையாளர்கள் தாளத்தோடு கறி வாங்கிப் போவார்கள்.

4

போட்டி நடக்கும் விதத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். படை திடலின் ஓர் ஓரத்தில் நிற்கும். துப்பாக்கி வெடிக்கும். அந்தச் சத்தத்தோடு கணக்கு ஆரம்பம். நடந்துகொண்டே ஊத வேண்டும், ஊதிக்கொண்டே திரும்ப வேண்டும், வரிசை வட்டமாகி வட்டம் சிலுவையாகி மறுபடியும் வரிசையாக வேண்டும். இவ்வளவும் போதாது என்று நடுவர்கள் அட்டையும் பென்சிலுமாகத் திடலுக்குள்ளேயே வந்துவிடுவார்கள். நாம் நடக்க நடக்கக் கூடவே நடந்து, குனிந்து பாதத்தைப் பார்ப்பார்கள், முழங்காலைப் பார்ப்பார்கள், டிரம் குச்சி எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று பார்ப்பார்கள். ஒருவன் மற்றவர்களிடமிருந்து மாறுபட்டால் ஒரு டிக். ஒரு டிக்குக்குப் புள்ளியில் பத்தில் ஒரு பங்கு போய்விடும்.

இது தெரியாமல் என் முதல் போட்டியில் ஒரு நடுவர் என் பக்கத்தில் நின்று டிக் மேல் டிக்காகப் போட்டபோது, நம்மூர் வாத்தியார் திருத்திய பரீட்சைத் தாள் நினைவுக்கு வந்து எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அவரைப் பார்த்துப் புன்னகை செய்தேன். அதற்கும் ஒரு டிக் போட்டார்.

போட்டிக்கு முன்னால் உடுப்புச் சோதனை. வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைப் பூட்ஸ், கோழிக்கொண்டை மாதிரி இறகு செருகிய உயரத் தொப்பி. வெயிலில் அசையாமல் நிற்க வேண்டும். இந்த நாட்டு ஈக்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. அவை நம்மூர் ஈ மாதிரி வந்துவிட்டுப் போகிறவை அல்ல, குடியேறுகிறவை. மூக்கு நுனியில் ஒன்று உட்கார்ந்துகொண்டு கைகால் கழுவும். நடுவர் நம் முகத்துக்கு நேரே நின்று, ஈயைப் பார்க்காமல் நம் கண் இமையைப் பார்ப்பார்.

ஈயை வென்றுவிட்டேன். என்னால் வெல்ல முடியாதது வேறு.

5

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அதனால் மற்ற வீடுகளில் இல்லாத ஒரு தொல்லை எங்கள் வீட்டில் இருந்தது. புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது எல்லோருக்கும் உள்ள பழக்கம். ஆனால் அம்மாவுக்கு எந்தக் காகிதம் புத்தகம், எது இல்லை என்று தெரியாது. எழுத்து இருந்தால் போதும். கடலை மடித்த தாள், பஸ் டிக்கெட், சினிமா நோட்டீஸ், தீப்பெட்டி லேபிள். தீப்பெட்டி ஆபீஸ்காரர் வீட்டில் லேபிள் படாமல் கால் வைக்க முடியுமா? நான் நடக்கக் கற்றதே குனிந்து நிமிர்ந்துதான். பிறகு பியூகிள் வந்தபோது அதுவும் சேர்ந்துகொண்டது. இப்போது என் காலில் எது இடித்தாலும் என்னைக் கேட்காமலேயே வலது கை கீழே போய்விட்டு மேலே வரும்.

பில்லின் படையிலோ, ஓய்வு நேரத்தில் பியூகிளைக் காலடியில் புல்லின் மேல்தான் வைக்க வேண்டும். அதுவும் வரிசையாக. முதல் நாளே கால் பட்டது. கை போயிற்று.

“என்னலே அது?” என்றான் ட்ரெவர்.

“கால் பட்டா மரியாதைக் குறைவு. அதுக்கு மன்னிப்பு.”

“யார்கிட்ட? பியூகிள்கிட்டயா?”

“ஆமா.”

“அது என்ன சொல்லும்?”

“ஒண்ணும் சொல்லாது.”

“மன்னிச்சிருச்சுன்னு எப்படித் தெரியும்?”

அதை அம்மா சொல்லித்தரவில்லை. என் படிப்பு அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஆரம்பமாயிற்று கேலி. என் கால் எதிலாவது பட்டால் போதும், வரிசை முழுக்க “சாமீ!” என்று ஒரு ராகம் இழுத்து, எட்டுக் கைகள் கீழே போய்க் கண்ணுக்கு வரும். பிறகு என் கால் படவேண்டும் என்பதும் இல்லாமல் போயிற்று. யார் கால் எதில் பட்டாலும் செய்தார்கள். பியர் பெட்டி, கார் டயர், கிளப் வாசலில் தூங்கும் நாய். நாய்க்கு மட்டும் அது பிடித்திருந்தது.

பில்லுக்குப் பிடிக்கவில்லை. கேலி அல்ல, என் கை. நடந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவன் பூட்சில் என் கால் உரசினாலும் கை எழும்பியது. பில் கத்துவார். அவர் கத்தும்போது சாமி என்று கத்தமாட்டார். முழுப் பெயர்.

“மாடசாமி! கை! மாடசாமி! திரும்பவும் கை!”

எங்கள் அப்பாவை ஊரில் ஒருவர்கூட இப்படி அதட்டியதில்லை. வயதில் மூத்தவர்களே மாடசாமி அண்ணாச்சி என்பார்கள். மனிதர் கோவில்பட்டியில் சிவனே என்று பண்டல் ஏற்றிக்கொண்டிருக்க, மெல்போர்னில் ஞாயிறுதோறும் திட்டு வாங்கினார்.

கடைசியில் பில் என்னைத் தனியே கூப்பிட்டார். சிட்னியில் பெரிய போட்டி வருகிறது. முன்வரிசையில் எட்டு பியூகிள்.

“நீ நல்லா ஊதுற. மூணாவது இடம் ஒனக்குத்தான். ஆனா அந்தக் கை நிக்கலைன்னா, தண்ணி வண்டியைத் தள்ளிட்டு வா. முடிவா சொல்லிட்டேன்.”

பில்லுக்கு அது ஒரு டிக் விஷயம். எனக்கு அப்படி இல்லை. பள்ளிக்கூடத்தில் குடியரசு தினத்துக்குக் கலெக்டர் வந்தபோது, பூட்ஸ் இல்லாத நாங்கள் நாலு பேர் வகுப்பறைச் சுவருக்குப் பின்னால் நின்று ஊதினோம். கலெக்டருக்குச் சத்தம் கேட்டது, என்னைத் தெரியவில்லை. இப்போது என்னிடம் வெள்ளைப் பூட்ஸ் இருக்கிறது. தினமும் சுண்ணம் பூசுகிறேன். முன்வரிசையில் நின்று, எதிரே இருப்பவர்கள் பார்க்க, ஒரு தடவையாவது ஊதிவிட வேண்டும் என்று இருந்தது. அதற்கு என் வலது கை குறுக்கே நின்றது.

6

வைத்தியத்தைக் கண்டுபிடித்தவன் ட்ரெவர். கிளப்பின் மரத்தரையில் மெல்போர்ன் டெலிபோன் டைரக்டரியைப் போட்டார்கள். தலையணை கனம். நான் பியூகிளை இடது கையில் பிடித்தபடி அதன் மேல் மிதித்து நடக்க வேண்டும், கை எழும்பாமல்.

முதல் ஞாயிறு, டைரக்டரிக்கு ஒரு முழம் முன்னாலேயே கை எழும்பிவிட்டது.

“இன்னும் மிதிக்கவே இல்லையேலே!”

“மிதிக்கப்போறேன்னு தெரிஞ்சுபோச்சு.”

பில் என் வலது கையுறையை ஒரு ரப்பர் வளையத்தால் கால்சட்டைப் பட்டையோடு இணைத்தார். கை எழும்பினால் வளையம் பட்டென்று சுண்டும். நான் ஊர்ப்பட்ட ஜனங்களின் பெயர்களை மிதித்துக்கொண்டு, பட், பட் என்று அடி வாங்கிக்கொண்டு நடந்தேன்.

நான் குடியிருப்பது பரமேஸ்வரி அக்கா வீட்டில், பின்பக்க அறையில். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் கணவர் ஆஸ்பத்திரியில் இரவு வேலை. மகள் சுகிக்குப் பன்னிரண்டு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். என் வைத்தியத்தைக் கேட்டு அக்கா குசினியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

“என்ன தம்பி சொல்லுறீர்? புத்தகத்தை மிதிக்கப் பழக்குறாங்களோ? அதுக்கு நீரும் ஓம் எண்டு போனனீரோ?”

“டைரக்டரிதானே அக்கா.”

“எழுத்து இருக்கோ இல்லையோ?”

அக்காவும் அம்மாவும் சந்தித்ததே இல்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே கட்சி.

அந்த நேரம் பார்த்து சுகி, நாற்காலியிலிருந்து இறங்கியவள், தரையில் கிடந்த தன் பூகோளப் புத்தகத்தை மிதித்துத் தாண்டிப் போனாள்.

“சுகி! தொட்டுக் கும்பிடு!”

“இட்ஸ் ஒன்லி பேப்பர், அம்மா.”

அக்கா என்னைப் பார்த்தார். இதற்கெல்லாம் நான்தான் காரணம் என்பது போல ஒரு பார்வை. எனக்கோ உள்ளுக்குள் பொறாமை. நான் ரப்பர் வளையத்தால் அடி வாங்கிக் கற்றுக்கொண்டிருப்பதை இந்தப் பிள்ளை எவ்வளவு சுலபமாகச் செய்துவிட்டுப் போகிறது!

சிட்னிக்கு முந்தைய ஞாயிறு, டைரக்டரி, அதன் மேல் ஓர் அட்லஸ், அதற்கும் மேல் என் பியூகிளின் பெட்டி. மூன்றையும் மிதித்து நடந்தேன். வளையம் சுண்டவில்லை. கை பிணம் மாதிரி தொங்கியது. பில் என் தோளைப் பிடித்து உலுக்கி, கடையிலிருந்து ஒரு பொட்டலம் ஆட்டுக்கறியைக் கொண்டுவந்து கொடுத்தார். கறி சுற்றியிருந்த தாள் கீழே விழுந்து காலில் பட்டது. எழுத்து நிறைந்த செய்தித்தாள். ஒன்றுமே ஆகவில்லை. பாராட்டை வாங்கிக்கொண்டு வந்த எனக்கு, வீட்டு வாசலில், எதையோ பஸ்ஸில் வைத்துவிட்டு வந்தது போலிருந்தது. இரண்டு தடவை பையைத் திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தது.

7

சிட்னி நகரத்தில் எதைப் பார்த்தாய் என்று கேட்காதீர்கள். மேற்குப் புறத்தில் ஒரு விளையாட்டுத் திடலைப் பார்த்தேன். துறைமுகத்துப் பாலத்தை, ஒரு ஐஸ்கிரீம் வண்டியில் ஒட்டியிருந்த படத்தில் பார்த்தேன்.

உடுப்புச் சோதனை முடிந்தது. ஈக்கள் வந்தன, போயின. கோட்டில் நின்றோம். முன்வரிசை, இடமிருந்து மூன்றாவது ஆள் நான். எதிரே படிக்கட்டு முழுக்க ஜனம். பில் கடைசியாக என் பக்கம் வந்தார்.

“சாமி, கை?”

“செத்துப்போச்சு சார்.”

“நல்லது” என்றார்.

துப்பாக்கி வெடித்தது.

எப்படி ஊதினோம் என்று நானே சொல்லக்கூடாது. நன்றாக ஊதினோம். வட்டம் வட்டமாகவே இருந்தது. அடுத்து டிரம்காரர்களின் முறை. அப்போது பியூகிள்காரர்கள் ஊதுவதில்லை. குழலை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலது கை வெறுமனே வீச, எட்டுப் பேரும் ஒரே வரிசையாக டிரம்களைத் தாண்டி முன்னால் நடக்க வேண்டும். எதிரே அட்டையோடு ஒரு நடுவர் பின்னோக்கி நடந்துகொண்டே எங்கள் கைவீச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ட்ரெவரின் குச்சி ஒன்று நழுவிப் புல்லில் விழுந்தது. அதை எடுக்கக்கூடாது, அவன் பையிலிருந்து வேறு குச்சியை உருவிக்கொண்டு அடித்தான். விழுந்தது நேராக என் பாதையில் கிடந்தது. வரிசையை விட்டு விலக முடியாது. எட்டுப் பேருக்கும் அது தெரிந்தது. என் வெள்ளைப் பூட்ஸ் குச்சியில் பட்டு, அது டொக்கென்று உருண்டது.

என் கை அசையவில்லை. ஒரு மயிரிழைகூட. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது என் இரண்டு பக்கமும் ஏதோ வெள்ளையாக மின்னியது. ஓரக்கண்ணால் பார்த்தேன். என் இடது பக்கம் இருவர், வலது பக்கம் ஐவர், ஏழு வெள்ளைக் கையுறைகள் ஒரே நேரத்தில் கீழே இறங்கி, ஒரே நேரத்தில் மேலே வந்து, இரண்டு கண்களையும் ஒற்றிக்கொண்டு, ஒரே நேரத்தில் பழைய இடத்துக்குப் போயின. ஒருவனும் சிரிக்கவில்லை. செய்தோம் என்பதே ஒருவனுக்கும் தெரியவில்லை. மாதக்கணக்கில் கேலி செய்து செய்து அது அவர்களுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அவ்வளவு சுத்தமாக நாங்கள் எதையும் சேர்ந்து செய்ததே இல்லை.

நடுவர் அசந்துபோய் நின்றார். வரிசையை ஒருமுறை இடமிருந்து வலமாகப் பார்த்தார். என்னிடம் வந்ததும் கண் நின்றது. என் பூட்சைப் பார்த்தார், என் தொங்கிய கையைப் பார்த்தார். குனிந்து அட்டையில் ஒரு டிக் போட்டார்.

8

இரண்டாம் இடம் கிடைத்தது. முதல் இடத்துக்கும் எங்களுக்கும் இடைவெளி புள்ளியில் பத்தில் ஒன்று.

போட்டி முடிந்ததும் பயிற்சியாளர்கள் நடுவர்களிடம் பேசிவிட்டு வரலாம். பில் போய்விட்டு வந்தார். அவர் முகத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் புரியவில்லை.

“அந்தக் கை விசயம் ரொம்ப நேர்த்தின்னு சொன்னான். பழைய ராணுவ மரியாதையான்னு கேட்டான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?” என்றான் ட்ரெவர்.

“ஆமா, ரொம்பப் பழசுன்னேன்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “எல்லாத்தையும் பாராட்டிட்டு, மூணாவது ஆளு மட்டும் ஏன் மறந்துட்டான்னு கேக்குறான். மாடசாமி! ஏழு பேரும் செஞ்சாங்க. நீ ஏம்லே செய்யலை?”

“நீங்கதானே சார் செய்யக்கூடாதுன்னு...”

“அது நீ மட்டும் செஞ்சப்போ!”

பஸ் மெல்போர்ன் வந்து சேரும்வரை இந்த வாக்கியத்தை நான் யோசித்துக்கொண்டே வந்தேன். இந்த நாட்டைப் பற்றி எனக்கு யாராவது முதல் நாளே ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்றால், அது இதுதான். ட்ரெவர் மட்டும் வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தான், குச்சியை நழுவவிட்டதற்காக. என்னிடம் அல்ல, குச்சியிடம்.

அடுத்த வாரம் படையின் பயிற்சியைப் பார்க்கச் சுகி வந்திருந்தாள். அன்று சாயங்காலமே பரமேஸ்வரி அக்கா என்னைக் குசினிக்குக் கூப்பிட்டார். சற்று முன்னால் சுகி மேசையிலிருந்து புத்தகம் ஒன்றைத் தட்டிவிட்டாளாம். அது அவள் காலில் விழுந்தது. குனிந்து, தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம்.

“அம்மாடி, இப்பவாவது புத்தி வந்துதே எண்டு சந்தோசப்பட்டன் தம்பி. ஆரடி சொல்லித்தந்தது எண்டு கேட்டன். இட்ஸ் எ ட்ரம் கோர் திங், அம்மா, உங்களுக்கு விளங்காது எண்டு சொல்லிப்போட்டு போறாள்!”

அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கத்தான் செய்தார்.

பில் இப்போது அதை அணிவகுப்பிலேயே சேர்த்துவிட்டார். டிரம் முறை முடியும் இடத்தில், எட்டு எண்ணிக்கைக்கு. ஒன்றில் குனி, மூன்றில் தொடு, ஐந்தில் கண், எட்டில் பழைய இடம். ஏழு பேருக்கும் தண்ணீர் பட்ட பாடாக வருகிறது. எனக்குத்தான் வரவில்லை. கேட்காமல் எழும்பிக்கொண்டிருந்த கை, இப்போது எண்ணிக் கொடுத்தாலும் பிந்துகிறது. ரப்பர் வளையத்தின் பயம் போகவில்லை போலிருக்கிறது. அதனால் ஞாயிறுதோறும் பயிற்சி முடிந்து எல்லோரும் பியர் குடிக்கப் போன பிறகு, எனக்கு மட்டும் தனி வகுப்பு. டெலிபோன் டைரக்டரியைத் தரையில் போட்டுவிட்டு, ட்ரெவர் குச்சியால் தாளம் தட்டுகிறான். பில் கைகளைக் கட்டிக்கொண்டு எதிரே நிற்கிறார்.

“மாடசாமி! கண்ணு, கண்ணு! புருவத்தைத் தொடாத! ஏம்லே, ஒங்க ஊர்ல இதெல்லாம் சொல்லித்தர மாட்டாங்களா?”